மணல் மலிவு, தூய்மை அரிது!

தோழனே!

கடற்கரையிலே காலில் ஒட்டும் மணலை உதறிவிட்டு நடக்கிறாய். அந்த மணலுக்குள்ளேதான் உறங்கிக் கிடக்கிறது சிலிக்கன்! பூமியின் மேலோட்டிலே எடையில் ஏறத்தாழ 28 விழுக்காடு அதுதான். அதனைப் பக்குவப்படுத்தும் நிறுவனங்களின் பங்குகளை வாங்கு, பணம் பொங்கும் என்று உன் செவியிலே ஓதுகிறார்கள். பொங்குமா? பொறுத்துக் கேள்!

குவார்ட்சுக் கல்லைக் கரியோடு மின் உலையிலிட்டு, 2,000 டிகிரி அளவில் காய்ச்சினால் வருவது 98, 99 விழுக்காடு தூய்மையுள்ள சிலிக்கன். அலுமினிய ஆலைக்கு அது போதும். கணினியின் சில்லுக்குப் போதாது. ஆகவே, ஹைட்ரஜன் குளோரைடுடன் சேர்த்து, 32 டிகிரியிலேயே கொதிக்கும் டிரைகுளோரோசிலேன் எனும் நீர்மமாக்குகிறார்கள். வடிக்கிறார்கள், வடித்ததை மீண்டும் வடிக்கிறார்கள். அதிலிருந்து மீளப் பெறும் சிலிக்கனில், நூறு கோடி அணுக்களுக்கு ஓர் அணு அயலாக நுழைந்தாலும் அழுக்கு என்பர்! பிறகு 1,414 டிகிரியில் உருக்கி, ஒற்றைப் படிகமாக இழுத்து, தகடுகளாக அறுக்கிறார்கள். அதிலே முன்னிற்பவை ஜப்பானின் ஷின்எட்சு, சம்கோ போன்ற சில நிறுவனங்களே. மணல் எங்கும் உண்டு. அந்த வித்தை எங்கும் இல்லை!

வித்தை பரவினால்? விலை வீழும்! 2008ஆம் ஆண்டு, சூரிய மின்தகடுகளுக்காகச் சிலிக்கனைத் தேடி உலகம் ஓடியது. கிலோ 400 டாலரைத் தாண்டியது. ஆசை பிறந்தது, ஆலைகள் பெருகின. 2012 முடிவிலே கிலோ 20 டாலருக்கும் கீழே! சிலிக்கன் மாறவில்லை தோழனே, அதைச் செய்வோர் தொகை மாறியது.

அமெரிக்காவின் மெம்க் நிறுவனத்தைப் பார். 1959இல் தொடங்கிய தகட்டுத் தொழில் அது. 2009இல் சன்எடிசனை வாங்கிற்று. 2013இல் அந்தப் பெயரையே சூடிற்று. கடன்மேல் கடன் வாங்கி மின்நிலையங்களைக் குவித்தது. 2016 ஏப்ரலிலே திவால்! 2014இல் பிரித்துவிடப்பட்ட தகட்டுத் தொழிலோ பிழைத்தது. தைவானின் குளோபல்வேஃபர்ஸ் அதனை விலைகொடுத்து வாங்கிற்று. வித்தை நின்றது, வீண் கடன் வீழ்ந்தது!

ஆகவே, வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை எடுக்குமுன் மூன்று கேள்வி கேள். இந்நிறுவனம் செய்வது எந்தத் தரம்? அதை இன்னும் எத்தனை பேரால் செய்ய இயலும்? கடன் எவ்வளவு? விடை கிடைக்காத இடத்திலே, வீட்டு அரிசிப்பானைப் பணத்தை வைக்காதே!

சிலிக்கனை நூறுமுறை வடிகட்டும் உலகம் இது. உன்னிடம் சொல்லப்படும் சொல்லை ஒருமுறையேனும் வடிகட்ட வேண்டாமா, தோழனே?