வாழவில்லை, நடித்தார்

போன மாதம் நண்பர் வீட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து உட்கார்ந்து ‘ரோமா’ என்ற மெக்சிகோ படத்தைப் பார்த்தோம். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காபி வந்தது. ஒருவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அந்தப் பொண்ணு எங்க சார் நடிச்சா? அவங்க ஜனமே அப்படித்தான். இருந்தபடியே இருந்துட்டுப் போயிட்டா.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் காபி இறங்கவில்லை.

“நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்” என்பது நம்மிடம் பெரிய பாராட்டு. சிவாஜியைப் பற்றிச் சொன்னால் அவருடைய நாடக மேடை, மனப்பாடம், ஒத்திகை எல்லாம் அதில் சேர்ந்தே வருகிறது. அதையே ஒரு பூர்வகுடிப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது உழைப்பைக் கழித்துவிடுகிறோம். மரம் நிற்பதைப் போல, ஆறு ஓடுவதைப் போல, அவளும் காமிரா முன்னால் சும்மா இருந்தாளாம்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு: யலிட்ஸா அபரிசியோ. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், த்லஹியாகோவில் 1993-இல் பிறந்தவர். அம்மா ட்ரிக்கி, அப்பா மிக்ஸ்டெக். மழலையர் பள்ளி ஆசிரியைக்குப் படித்தவர். படத்தில் அவர் நடித்த வேலைக்காரி கிளியோவும் சமையல்காரத் தோழி அடேலாவும் மிக்ஸ்டெக் மொழியில் கிசுகிசுத்துச் சிரிக்கிறார்களே, அதைக் கேட்டுத்தானே “எவ்வளவு இயல்பு!” என்று உருகுகிறீர்கள்? அதற்கு முன் யலிட்ஸாவுக்கு மிக்ஸ்டெக் பேச வராது. அடேலாவாக நடித்த தோழி நான்சி கார்சியாவிடம் படத்துக்காகக் கற்றுக்கொண்டு பேசினார். பேசத் தெரியாத மொழியில், பிறந்ததிலிருந்து பேசுபவளைப் போலச் சிரித்திருக்கிறார். இதற்கு நடிப்பு என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

ஒரு ஹாலிவுட் நடிகர் வேடத்துக்காக உடம்பை ஏற்றி இறக்கினால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இவர் ஒரு மொழியையே கற்றார். அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? அவர் முகத்தைப் பார்த்ததுமே, அந்த மொழி அங்கேயே முளைத்திருக்கும் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் நடிகர்களிடம் முழுத் திரைக்கதையைக் கொடுக்கவில்லை. அதனால் நடிப்புக்கு வேலையே இல்லை என்றும் ஒரு வாதம் வைக்கிறார்கள். வீட்டு எஜமானியாக வந்த மரினா தெ தவிராவுக்கும் அதே நிபந்தனைதான். படம் 10 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. யலிட்ஸா சிறந்த நடிகைக்கு, மரினா சிறந்த துணை நடிகைக்கு. மரினா நடிக்கவில்லை, எஜமானியாகவே இருந்தார் என்று அன்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளைத் தோலுக்கு வந்தால் திறமை, பழுப்புத் தோலுக்கு வந்தால் இயற்கை. இந்தக் கணக்கு அருவருப்பாக இருக்கிறது.

மெக்சிகோவிலும் இதே கதைதான். 2019 பிப்ரவரியில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, தொலைக்காட்சித் தொடர் நடிகர் செர்ஜியோ கோய்ரி ஒரு விருந்தில் பேசிய காணொளி வெளியே வந்தது. ‘சரிங்கம்மா, இல்லீங்கம்மா’ சொல்கிற பூர்வகுடிக்காரியைப் போய்ச் சிறந்த நடிகைப் பட்டியலில் சேர்ப்பதா என்று, வசவும் சேர்த்து, கொதித்திருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அவர் வசவாகச் சொன்னதைத்தான் நம் நண்பர்கள் பாராட்டாகச் சொல்கிறார்கள். அந்த நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் நாயகிக்கு வெளுத்த முகம், வேலைக்காரிக்கு மாநிற முகம் என்று காலம் காலமாகப் பிரித்து வைத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? நம் தொடர்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கறுத்த நாயகி வேண்டுமென்றால் சிவந்த பெண்ணுக்கு மை பூசுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி நடிகர் டேவிட் குல்பிலில் 1971-இல் ‘வாக்கபவுட்’ படத்தில் வந்தபோதும் அவரை நிலத்தின் பிள்ளை என்றார்கள். அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. ‘சார்லீஸ் கன்ட்ரி’ படத்துக்காக 2014-இல் கான் விழாவின் ‘அன் செர்த்தன் ரெகார்’ பிரிவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். 43 ஆண்டுகள் ஒரு மனிதர் சும்மாவே இருந்து விருது வாங்கிவிட முடியுமா?

நடிக்கவில்லை, சும்மா இருந்தார் என்ற இந்த நம்பிக்கை யலிட்ஸாவுக்குச் செய்யும் கெடுதல் லேசானதல்ல. ‘இருந்தவள்’ என்று முத்திரை குத்திவிட்டால், அடுத்த வேடம் யார் தருவார்கள்? தந்தாலும் இன்னொரு வேலைக்காரி வேடம்தான். நடிக்கத் தெரியாது என்று ஊரே நம்பும் நடிகையிடம் எந்தத் தயாரிப்பாளர் மருத்துவர் வேடத்தையோ வில்லி வேடத்தையோ நீட்டுவார்? அதையும் மீறி அவர் ‘பிரசென்சியாஸ்’ என்ற திகில் படத்தில் நடித்தார். ‘லோஸ் எஸ்பூக்கீஸ்’ நகைச்சுவைத் தொடரில் நிலாவாகவே வந்தார். நிலாவாக வந்ததையும் ‘இருந்தபடி இருந்தது’ என்றுதான் சொல்வார்களா?

நண்பர்களே, ‘ரோமா’வை இன்னொரு முறை போடுங்கள். கிளியோவும் அடேலாவும் பேசிக்கொள்ளும் இடங்களில் கதையை விட்டுவிட்டு யலிட்ஸாவின் உதடுகளைப் பாருங்கள். அந்த ஒவ்வொரு சொல்லையும் அவர் படித்துத்தான் பேசினார்.