பூம்புகாரும் பொதிச்சோறும்

இந்தியா சென்று வந்தோம் என்போருட் பெரும்பாலார் சென்னையிற் புடைவைக் கடைகளைக் கண்டு மீண்டோரே. அது குற்றமன்று, ஆயினும் பேரிழப்பு என்பது எமது கருத்து.

யாம் சிலப்பதிகாரத்தைப் பதினெட்டாண்டு கற்பித்தும் புகாரைக் கண்டிலேம். செலவுக்கு அஞ்சியே வாளாவிருந்தோம். 2023இற் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்குமிடையே கப்பற்சேவை மீண்டும் தொடங்கியபின் துணிந்து புறப்பட்டோம். அஞ்சியதிற் பாதியும் செலவாகவில்லை. நாகையில் எளிய விடுதி, வடக்கே கரையோரமாய் அரசுப் பேருந்து, கையிற் புளிச்சோற்றுப் பொதி. இவ்வளவே எம் பிரயாணம்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. அதனருகே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அந்நியர் கோட்டை எஞ்சியிருக்க ஆலயம் அலைவாய்ப்பட்டமை கண்டு நெடுநேரம் அங்கு நின்றோம்.

பூம்புகாரில் எமக்கு வெட்கமே உண்டாயிற்று. வகுப்பறையில் யாம் பெருக்கெடுத்தோடச் செய்த காவிரி, கடல்சேருமிடத்தில் முழங்காலளவே கிடந்தது. அயலிலுள்ள கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கற் படகுத்துறையைக் கண்டபோதோ, உரைநூல்கள் உணர்த்தாத ஒன்று விளங்கிற்று. மரக்கலங்கள் மெய்யாகவே வந்து கட்டுண்டு கிடந்த ஊர் அது, வெறும் வருணனையன்று.

எனவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கின்றோம். யூபிலி விருந்திற் கறிவகை இரண்டைக் குறைத்து, ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவர் பதின்மரை அக்கரைக்கு அனுப்புக. கடலிற் பிள்ளைகள் வாந்தியெடுப்பர் என அஞ்சுவோருளர். யாமும் எடுத்தோம், கரை கண்டதும் தெளிந்தது. கார்த்திகை, மார்கழியிற் கடல் கொந்தளிக்கும்; சேவையும் நிற்பதுண்டு. ஆதலின் மாசியிற் பெயர்களைத் திரட்டின், சித்திரை விடுமுறையிற் புறப்படலாம்.