கணக்கிட்டவர் பெயர் எங்கே?



இவ்விடுகை சிலருக்குக் கசக்கலாம். எனக்கே கசக்கிறது. ஏனெனில், யாரைச் சாடுவதற்காக எழுதத் தொடங்கினேனோ அவர்கள் வரிசையில் நானும் நிற்கிறேன்!

சில ஆண்டுகளுக்கு முன்பு, தொடக்கப்பள்ளிகளுக்கான அறிவியல் விழா ஒன்றுக்கு எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர் மூவரை ஆயத்தம் செய்தேன். ஆய்வு எளியது. சாத்தே குச்சிகளை ஐந்து செண்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொண்டோம். பெரிய தாளில் ஐந்து செண்டிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகள் வரைந்தோம். குச்சியை மேலிருந்து போட வேண்டும். அது கோட்டைத் தொடுகிறதா இல்லையா என்று குறித்துக்கொள்ள வேண்டும். போட்ட எண்ணிக்கையை இரண்டால் பெருக்கித் தொட்ட எண்ணிக்கையால் வகுத்தால், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் எழுப்பிய புகழ்பெற்ற கணக்கு இது. எங்கள் மாணவர்கள் 2000 முறை போட்டார்கள். 1268 முறை தொட்டது. விடை 3.15. கோணமானியும் இல்லை, கவராயமும் இல்லை. வெறும் குச்சியைப் போட்டு எண்ணியே பெற்ற விடை!

இரண்டு மாணவர்கள் குச்சியைப் போட்டார்கள். ஒரு மாணவி எண்ணிக் குறித்தாள். முதல் நாள் மாலையில் அவள் என்னிடம் வந்து, "ஐயா, இந்த 200ஐயும் சேர்க்கக்கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இவன் எப்போதும் ஒரே பக்கம் பார்த்துப் போடுகிறான். குச்சியெல்லாம் கோட்டுக்கு இணையாகவே விழுகிறது" என்றாள். அந்த 200 முறையையும் அடித்துவிட்டு, குச்சியைச் சுழற்றிப் போடும் முறையை அவளே வகுத்துக் கொடுத்தாள். பிறகுதான் கணக்கு சரியாக வந்தது.

விழாப் படிவத்தில் 'ஆய்வாளர்' என்று இரண்டு இடங்களும் 'உதவியாளர்' என்று ஓர் இடமும் இருந்தன. குச்சியைப் போட்ட இருவரையும் ஆய்வாளர் என்று எழுதினேன். எண்ணிய மாணவியை உதவியாளர் ஆக்கினேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

நற்சான்றிதழ் வந்த மறுநாள் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். "சார், எல்லாத்தையும் இவதானே எண்ணுனா? அப்புறம் ஏன் இவ பேரு மட்டும் கீழ, சின்ன எழுத்துல?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னிடம் விடை இல்லை.

'கணக்குப் போடுவது கைவேலை. கருத்துச் சொல்வதே அறிவு வேலை' என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. என்னிடமும் அதுதான் இருந்தது. அது தவறு. அறிவியல் வரலாறே அதற்குச் சான்று.

மேரி சிங்கூவின் கதை

1953ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம். அங்கே 'மேனியாக்' என்னும் மின்னணுக் கணினி இயங்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நோபல் பரிசு பெற்ற என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் பாஸ்தா, ஸ்தானிஸ்லாவ் உலாம் ஆகிய மூவரும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். வில்சுருள்களால் வரிசையாகக் கோக்கப்பட்ட பல நிறைகளை எண்ணிப் பாருங்கள். சுருளின் விசையில் சிறிதளவு கோணல் இருக்கிறது. ஒரே ஒரு வகை அதிர்வை மட்டும் ஊட்டிவிட்டால், காலப்போக்கில் அந்த ஆற்றல் எல்லா வகை அதிர்வுகளுக்கும் பரவிச் சமமாகிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இயற்பியலாளர் எவரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அந்தக் கேள்வியைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக எழுதி இயக்கியவர் மேரி சிங்கூ. 1928இல் பிறந்தவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்று 1952இல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். நிரல் எழுதுவதற்கு இன்றுள்ள வசதி எதுவும் அன்று இல்லை.

நடந்தது என்ன? ஆற்றல் சில அதிர்வுகளுக்குப் பரவியது. பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், ஏறத்தாழ முழுவதுமாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது! இந்த வியப்பை விளக்க முயன்றபோதுதான் 1965இல் சபுஸ்கியும் குருஸ்கலும் 'சாலிட்டான்' என்னும் தனியலையைக் கண்டார்கள். கணினியையே ஆய்வுக்கூடமாகக் கொள்ளும் இயற்பியல் முறைக்கு இந்தக் கணக்கு ஒரு தொடக்கப்புள்ளி.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மாமேதைகளின் கருத்து எதிர்பார்த்தது ஒன்று. கணக்கு காட்டியது வேறொன்று. வென்றது எது? கணக்குதான். அந்தக் கணக்கில் ஒரு கட்டளை பிழையாக இருந்திருந்தால், அவ்வியப்பு வெறும் எழுத்துப்பிழையாகப் போயிருக்கும். கண்டுபிடிப்பு முழுவதும் அந்த நிரலின் மேல் நின்றது.

1955 மே மாத அறிக்கையின் முகப்பைப் பாருங்கள். 'பணியைச் செய்தோர்' என்ற இடத்தில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம், சிங்கூ என நான்கு பெயர்கள். 'அறிக்கையை எழுதியோர்' என்ற இடத்தில் மூன்று பெயர்கள். ஃபெர்மி 1954 நவம்பரிலேயே மறைந்துவிட்டார். அவர் பெயர் எழுதியோர் வரிசையில் உண்டு. நிரல் எழுதி இயக்கிய சிங்கூவுக்கு அடிக்குறிப்பில் ஒரு நன்றி! அதன்பின் உலகம் அதனை மூவர் பெயராலேயே வழங்கியது. திருமணத்துக்குப் பின் அவர் 'மென்செல்' என்ற பெயரில் 1972இல் இதே கணக்கைத் தொடர்ந்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவரும் அந்தச் சிங்கூவும் ஒருவரே என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. 2008இல் தியெரி டோஷுவா என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர் எழுதிய பிறகே நான்காவது பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்!

இது ஒருவர் கதை மட்டுமா?

இல்லை. அதே 1953இல், அதே மேனியாக் கணினியில் மற்றொரு கணக்கு. தற்செயல் எண்களைக் கொண்டு இயற்கையின் நிலைகளை மாதிரி எடுக்கும் முறை அது. ஐவர் பெயரில் வெளிவந்தது: மெட்ரோபோலிஸ், அரியானா ரோசன்புளூத், மார்ஷல் ரோசன்புளூத், அகஸ்டா டெல்லர், எட்வர்ட் டெல்லர். நிரலை எழுதியவர் அரியானா. 21 வயதிலேயே ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால், அந்த முறைக்கு உலகம் இட்ட பெயர் 'மெட்ரோபோலிஸ் முறை'. ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்ற பெயர்! அரியானா 2020 டிசம்பரில் காலமானார்.

அவர்கள் விதைத்த விதையின் விளைச்சலைச் சொல்கிறேன். புரோட்டான் என்பது குவார்க்குகளால் ஆனது. அதன் நிறையைக் கோட்பாட்டிலிருந்து தாளில் எழுதிப் பெற இயலாது. இடத்தையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, தற்செயல் எண்களால் மாதிரி எடுத்து, மீத்திறன் கணினிகளில் கணக்கிடுகிறார்கள். 2008இல் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று புரோட்டான் முதலிய துகள்களின் நிறைகளை அவ்வாறு பெற்று, சோதனை அளவுகளோடு ஒத்திருப்பதைக் காட்டியது. அந்தக் கணக்கின் உள்ளே 1953ஆம் ஆண்டின் அந்த 'ஏற்பதா, தள்ளுவதா' என்னும் படி இன்றும் இருக்கிறது. எங்கள் பள்ளிச் சாத்தே குச்சிகளும் இதே குடும்பத்தின் கடைக்குட்டிதான்.

விண்ணியலுக்கு வருவோம். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகள் 1915இலேயே வந்துவிட்டன. இரண்டு கருந்துளைகள் மோதினால் என்ன ஆகும்? சமன்பாடு இருக்கிறது, விடை இல்லை! 1964இல் ஹானும் லிண்ட்குவிஸ்டும் கணினியில் முயன்றார்கள். கணக்கு விரைவிலேயே நொறுங்கியது. நாற்பது ஆண்டுகள் பலர் முயன்றார்கள். 2005இல் பிரான்ஸ் பிரிட்டோரியஸ் வென்றார். சில மாதங்களில் வேறு இரு குழுக்களும் வென்றன. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் ஈர்ப்பலையைப் பிடித்தபோது, அது சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகளின் மோதல் என்று படித்துச் சொல்ல இந்தக் கணக்குகள் உதவின. ஊமையாக இருந்த சமன்பாட்டைப் பேச வைத்தவர்கள் கணக்கிட்டவர்கள்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அவர் 1934இல் கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறியோடு அமர்ந்து வெண்குறுமீன்களின் கட்டமைப்பைப் படிப்படியாகக் கணக்கிட்டதை எத்தனை பேர் மாணவருக்குச் சொல்கிறோம்? 'கப்பலில் வரும்போதே தோன்றியது' என்ற கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். தோன்றியது பெரிதுதான், உட்கார்ந்து கணக்கிட்டதும் பெரிதே!

எதிர்வாதங்கள்

"கருத்துதானே முதன்மை?" என்பார்கள். ஃபெர்மியின் கேள்வி இல்லையேல் சிங்கூவின் நிரல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நிரல் இல்லையேல் ஃபெர்மியின் கேள்விக்கு விடையும் இல்லை. இதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

"கணினிதானே கணக்கிடுகிறது?" என்பார்கள். இயற்கையில் காலம் இடைவிடாது ஓடுகிறது. கணினியில் அது துண்டு துண்டாகத் தாவுகிறது. துண்டு பெரிதானால் விடை பொய். மிகச் சிறிதானால் கணக்கு முடிவதில்லை, துளிப் பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். வந்த வியப்பு இயற்கையின் வியப்பா, கணக்கின் பிழையா என்று பிரித்தறிய வேண்டும். கணினிக்கு அது தெரியாது. எங்கள் மாணவி, குச்சிகள் இணையாக விழுவதைக் கண்டு 200ஐ அடித்தாளே, அந்த அறிவுதான் அது!

"நன்றி சொல்லிவிட்டார்களே?" என்பார்கள். நன்றி என்பது பந்தியில் பரிமாறியவருக்குச் சொல்வது. சமைத்தவருக்கும் அதுதானா?

இது மாற்ற முடியாத வழக்கமும் அன்று. துகள்கள் கருவிகளுக்குள் எப்படிச் செல்லும் என்று கணக்கிடும் 'ஜியண்ட்4' என்னும் நிரல் தொகுப்பு, துகள் இயற்பியல் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுகிறது. அதனை விளக்கும் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்களாகவே இடம்பெற்றுள்ளனர். மனமிருந்தால் தாளில் இடமுண்டு.

ஆகவே, அறிவியல் விழா நடத்தும் பெரியோர்களே! உங்கள் படிவத்திலிருந்து 'உதவியாளர்' என்ற கட்டத்தை நீக்குங்கள். மூவர் செய்தால் மூவரும் ஆய்வாளர். யார் என்ன செய்தார் என்பதைத் தனியே எழுதச் சொல்லுங்கள். நீதிபதிகள், பேசுகிற மாணவனிடம் மட்டும் கேள்வி கேட்காமல், குறிப்பேட்டைக் கையில் வைத்திருக்கும் மாணவியிடமும் கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே! கட்டம் இல்லையென்றால் ஓரத்திலாவது எழுதுங்கள். நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அவளுடைய குறிப்பேடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 2200 குறிகள், அவற்றுள் 200 அடிக்கப்பட்டவை. அதை அவளிடம் திருப்பிக் கொடுக்கும் நாளில், முதல் பக்கத்தில் 'ஆய்வாளர்' என்று எழுதி அவள் பெயரையும் என் கையொப்பத்தையும் இட்டே கொடுப்பேன். சான்றிதழை அது மாற்றாது என்பதை அறிவேன். இனி நான் நிரப்பும் படிவங்களையாவது அது மாற்றட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்