மெசினை மாற்ற முதல் அதன் கையைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய இசைத்தட்டு ஒன்றாவது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

இசைத்தட்டுக்குத் திரும்பவும் ஒரு மவுசு வந்திருக்கிறது. சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர்களை ஒன்லைனில் எடுக்கிறோம். அலுமாரிக்கு மேல் கிடந்த நாகூர் ஈ.எம். ஹனீபாவின் தட்டைத் துடைத்து அதில் போட்டு, வீடியோவும் எடுத்துப் பகிர்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கருத்தை நேரடியாகவே சொல்கிறோம்: மூத்தவாப்பாமார் பாதுகாத்த தட்டை அந்தப் பெட்டியில் போடாமல் இருப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

காரணம் அதன் கை. ஊசியைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் அந்தத் தண்டைத்தான் டோன் ஆர்ம் என்கிறார்கள். மலிவான பெட்டிகளில் ஊசி சுமார் ஐந்து கிராம் பாரத்தோடு தட்டை அழுத்துகிறது. நல்ல கையும் நல்ல கார்ட்ரிஜும் இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு கிராம் போதும். தட்டின் பள்ளம் ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

“யூடியூப்பில் எல்லாம் இருக்குதே சேர், பிறகென்ன?” என்று தம்பிமார் கேட்கிறார்கள். ஹனீபா அவர்கள் 2015 ஏப்ரலில் மறைந்தார். அவருடைய பிரபலமான பாடல்கள் இணையத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதிகம் அறியப்படாத பாடல்கள்? ஒன்றிரண்டு சின்னத் தட்டுகளோடு நின்றுவிட்ட பாடகர்கள்? 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கரையோர வீடுகளைக் கடல் கொண்டு போனபோது காணி உறுதி, போட்டோ, கிதாப் எல்லாம் போயின. அதற்குப் பிறகும் மிஞ்சிய தட்டு ஒன்று உங்களிடம் இருந்தால், அது எங்கும் கிடைக்காத பிரதியாகக்கூட இருக்கலாம்.

சரி, எந்த மெசின்? லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மச்சான்மாரிடம் சொன்னால் பழைய தொரன்ஸ் டிடி 160, லின் எல்பி12 போன்றவற்றைத் தேடலாம். இவை ஸ்பிரிங்கில் தொங்கும் வகை. 1961இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர். கம்பனிக்காகச் செய்த மெசின்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. சுழலும் தட்டமும் கையும் ஒரே சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்கில் நிற்கும். மோட்டர் அதற்கு வெளியே. மெயின் ரோட்டில் லொறி போகும் அதிர்வு ஊசிக்குப் போகாது. வெள்ளைக்காரர் நாட்டுப் பலகைத் தரையில் நடந்தாலே இந்த மெசின் ஆடும். நம்முடைய சீமெந்துத் தரையில் அந்தத் தொல்லை குறைவு.

பழைய மெசினில் கையும் பழுதாகலாம். மாற்றும்போது “விலை கூடியது எது?” என்று கேட்பதுதான் நம் பழக்கம். “இதற்குப் பொருந்துவது எது?” என்றுதான் கேட்க வேண்டும். நான்கு விசயங்கள்:

1. நிறை. கையும் அதே ஸ்பிரிங்கில்தான் நிற்கிறது. பாரமான கையைப் பூட்டினால் சட்டம் ஒரு பக்கம் சரியும். மூன்று ஸ்பிரிங்கையும் திரும்பச் சரிசெய்து, தட்டம் நேராக மேலும் கீழும் அசையும்படி வைக்க வேண்டும். மருதமுனைத் தறிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால், எவ்வளவு நல்ல நூல் போட்டாலும் சாரன் கோணல்தான்.

2. கைக்கும் கார்ட்ரிஜுக்கும் பொருத்தம். இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகம் 8 முதல் 12 ஹேர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. குறைந்தால் வளைந்த தட்டிலும் ஸ்பிரிங் அசைவிலும் ஊசி தடுமாறும். கூடினால் பாட்டின் அடிநாதத்தோடு மோதும். கணக்கு லேசு: மொத்த நிறையை கார்ட்ரிஜின் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். கையின் செயல்நிறை 11 கிராம், கார்ட்ரிஜ் 6, ஆணி 1, ஆக 18. நெகிழ்வு 15 என்றால் விடை சுமார் 9.7. பொருத்தம் சரி.

3. தூரம். கையின் அச்சிலிருந்து தட்டின் நடுக்கம்பி வரை ரேகா கைக்கு 222 மி.மீ., லின் கைக்கு 211 மி.மீ. ஒன்றின் துளையில் மற்றதைப் பூட்ட முடியாது. கை நிற்கும் பலகையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

4. வயர். கையிலிருந்து இறங்கும் வயர் விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங்கின் வேலை வீண். மெல்லிய வயரைத் தளர்வாக விட வேண்டும்.

நமக்கு எஸ்.எம்.ஈ., லின் எக்கோஸ் எல்லாம் தேவையில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். இங்கிலாந்தின் ரேகா கம்பனி 1983இல் கொண்டுவந்த ஆர்பி 300, அதன் தம்பி ஆர்பி 250 போன்றவற்றில் பாவித்த ஒன்று போதும். ஆனால் நமது உப்புக்காற்றுக்குப் பயந்துகொள்ளுங்கள். பெயாரிங் ஆடுகிறதா, இறுகுகிறதா என்று விரலால் மெதுவாக அசைத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. எளிதில் உடையும், பாரமான 78 வேகத் தட்டுகளை இந்த மெசின்களில் போட வேண்டாம். இவை 33, 45 வேகத்துக்கானவை. 78இன் பள்ளம் அகலமானது, அதற்கு வேறு ஊசி வேண்டும்.

இசை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நாங்கள் வரவில்லை. அது உலமாக்களின் வேலை. நாங்கள் பேசுவது ஊரின் நினைவைப் பற்றி. வீட்டுக்கொரு மெசின் வாங்கிக் காசைக் கரைப்பதைவிட, ஊருக்கு ஒன்று போதும். ஒரு நூலகத்திலோ பாடசாலையிலோ, நல்ல கை பூட்டிய ஒரு மெசின். தட்டைச் சுத்தமாக்கி, ஒரே தடவை ஓடவிட்டு, கணினியில் பதிந்து, தட்டை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். 2005 முதல் நம் நாட்டுத் தமிழ்பேசும் மக்களின் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

சங்கங்களில் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். அதுவரை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தேங்காயெண்ணெய் பூசித் துடைக்க வேண்டாம். பழைய இரும்புக்காரருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.