அரை டன்னா, ஒரு டன்னா?

மூலக்கொத்தளத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் ஒரு மாலை, வேர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு வந்தார்.

"பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்குவதாக நிச்சயித்துவிட்டேன். இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் 1950-க்கு முந்திய செவர்லே. ஒன்று அரை டன், மற்றொன்று ஒரு டன். எதை வாங்கலாம்? நீரே சொல்லும்" என்றார்.

"உமக்கு எதில் விருப்பம்?" என்று கேட்டேன்.

"சந்தேகமென்ன? ஒரு டன்தான். வாங்குவதே வாங்குகிறோம், பலமானதாக இருக்கட்டுமே!"

நேயர்களில் பலரும் இப்படித்தான் சொல்வீர்கள். கட்டிலானாலும் சரி, கதவானாலும் சரி, கனமானதே நல்லது என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வந்த அபிப்பிராயம். மோட்டார் விஷயத்தில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1947-ல் செவர்லே கம்பெனியார் வெளியிட்ட பார வண்டிகளில் சிறியவை மூன்று வகை: அரை டன், முக்கால் டன், ஒரு டன். முகத்தைப் பார்த்தால் மூன்றும் உடன்பிறந்தவை போலவே இருக்கும். வித்தியாசமெல்லாம் அடியிலேதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் அரை டன் வண்டியில் 116 அங்குலம்; ஒரு டன்னில் 137 அங்குலம். இந்த 21 அங்குலம் காகிதத்தில் அற்பமாய்த் தோன்றும். மூலக்கொத்தளத்துச் சந்து ஒன்றில் வண்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் மகிமை விளங்கும்.

அடுத்தது பல் சக்கரக் கணக்கு. அரை டன் வண்டியில் பின் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு, எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.11 முறை சுற்ற வேண்டும். ஒரு டன்னில் 5.14 முறை. இதனால் பெரிய வண்டிக்கு இழுக்கும் சக்தி அதிகம் என்பது வாஸ்தவம். ஆனால் டயர் அளவு ஒன்றாயிருந்தால், எஞ்சின் அதே வேகத்தில் சுழலும்போது அது ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகவே போகும். வெறும் வண்டியாக ஓட்டினாலோ, கனத்த வில் பட்டைகள் சிறிதும் வளைந்து கொடாமல், சாலையிலுள்ள பள்ளங்களையெல்லாம் ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்குத் தெரிவித்துவிடும்.

பெரிய வண்டிக்குச் சாதகமான விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அரை டன் வண்டியில் பின்புற அச்சுத் தண்டுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதுவேதான் பாரத்தையும் தாங்குகிறது. தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று போகக்கூடும். முக்கால் டன்னிலும் ஒரு டன்னிலும் பாரத்தைத் தாங்குவது வெளியே உள்ள உறை. தண்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும்.

இதை நான் சொன்னபோது நண்பரின் முகம் மாறிற்று. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "என் தகப்பனார் விஷயம் உமக்குத் தெரியாதே" என்றார்.

அவருடைய தகப்பனார் ஒரு வியாபாரியிடம் வண்டி ஓட்டியவர். வண்டி அரை டன். முதலாளி ஏற்றச் சொன்னதோ ஒன்றரை டன் மரம். "தாங்காது ஐயா" என்று சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு வேறு ஆள் வருவான்" என்பது பதில். பாலத்து இறக்கத்தில் அச்சு முறிந்து, சக்கரம் கழன்று, வண்டி சாய்ந்தது. உயிர் பிழைத்தார்; ஆனால் அன்று முதல் கோலூன்றித்தான் நடந்தார். அப்போது நண்பருக்கு வயது பத்து.

"அதனால்தான் அரை டன் என்றாலே எனக்கு நடுக்கம்" என்றார்.

நான் என்ன சொல்வேன்? பதில் சொன்னவர் அவருடைய மனைவியார்தான். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த வண்டியிலே என்னத்தை ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

நண்பர் விழித்தார். மரமில்லை; மூட்டையில்லை. அவர் நினைத்திருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதும், பழைய மோட்டார்களின் அணிவகுப்புக்குக் கொண்டுபோவதுமே. பேரக் குழந்தைகளைப் பின்னால் ஏற்றும் ஆசையும் இருந்தது. சரக்குத் தட்டில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்கும் விரோதம், புத்திக்கும் விரோதம் என்று அந்த அம்மாள் அதையும் அப்போதே தள்ளுபடி செய்துவிட்டார்.

"மாமா விழுந்தது வண்டியினாலேயா, பாரத்தினாலேயா?" என்று அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பிறகு வாதமே இல்லை.

எது வேண்டும் என்பதைப் பாரமே தீர்மானிக்க வேண்டும். எண்ணூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. சுதந்திர தேசத்துக்கு அணைகளும் ஆலைகளும் வேண்டியிருந்தன. கனரக லாரிகளின் பக்கம் திரும்பி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே கம்பெனி 2011-ல் "தோஸ்த்" என்ற சிறிய வண்டியையும் வெளியிட்டது. நகரத்துச் சந்துகளில் கடைக்குக் கடை சரக்குப் போட வேறு வண்டி வேண்டியிருந்தது. கனம் கௌரவமும் அல்ல. லேசு குறைவும் அல்ல.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கணக்கில் அரை டன் என்பது 1,000 ராத்தல், அதாவது சுமார் 450 கிலோ. ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை ஒன்பது. பத்தாவது மூட்டையை ஏற்றுமுன் வண்டியின் வயதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும், 50 வயது கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசாங்கம் 2021-ல் தனி விதிகள் செய்தது. அவ்விதம் பதிவான வண்டியை வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டலாகாது. சரக்கு வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்குமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுப்பது உத்தமம். பிழைப்புக்கு வண்டி தேவையென்றால் புதியதையே வாங்குங்கள்.

நண்பர் விசாரித்து முடித்து, அரை டன் வண்டியையே வாங்கினார். சென்ற வாரம் அதில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். ஓட்டுகிறவரின் கண்ணில் படும்படி, உள்ளே வெள்ளைச் சாயத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "தாங்காது என்றால் ஏற்றாதே."

அவருடைய தகப்பனார் சொல்லியும் யாரும் கேளாத வார்த்தை அது.