பேனாவை எடுத்தது யார்?

தில்லியிலோ புனேயிலோ படிக்கும் தமிழ்ச் சிறுவன் ஒருவன்மீது வகுப்பில் ஒரு பழி விழுகிறது எனக் கொள்வோம். பக்கத்து இருக்கை மாணவனின் பேனாவைக் காணவில்லை. சிறுவன் மறுமொழியாக, "ஐ டிட்ன்ட் டேக் யுவர் பென்" என்கிறான். ஐந்தே சொற்கள். தாளில் எழுதினால் அவற்றின் பொருள் ஒன்றுதான். வாயால் சொல்லும்போது அது பலவாகிறது.

'ஐ' என்பதை அழுத்திச் சொன்னால், எடுத்தவன் வேறொருவன் என்ற குறிப்புத் தோன்றும். 'டிட்ன்ட்' என்பதை அழுத்தினால் அது உறுதியான மறுப்பு. 'டேக்' என்பதில் அழுத்தம் விழுந்தால், எடுக்கவில்லை, ஆனால் தொட்டுப் பார்த்திருக்கலாம் என்று கேட்போர் ஐயுறுவர். 'யுவர்' என்பதை அழுத்தினாலோ நிலைமை மோசமாகும். பிறர் பேனாவை எடுத்ததை அவனே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்! 'பென்' ஓங்கி ஒலித்தால், அவன் பையில் பென்சிலைத் தேடுவார்கள். குற்றமற்றவனும் அழுத்தும் இடம் தவறினால் அகப்பட்டுக்கொள்வான்.

ஆங்கில வகுப்பில் சொற்களின் உச்சரிப்பைத் திருத்துவதற்குத் தரும் நேரத்தில் ஒரு பங்கையேனும் இதற்குத் தருதல் வேண்டும். எல்லாச் சொற்களையும் ஒரே எடையில் படிக்கும் மாணவன் பிழையின்றிப் படித்தாலும், அவன் கருத்துப் பாதிதான் சென்று சேர்கிறது.

தமிழிலும் குரல் ஏறி இறங்குவதுண்டு. ஆயினும் அழுத்தம் என்னும் சுமையில் பெரும்பகுதியைத் தமிழில் இடைச்சொற்கள் தாங்குகின்றன. 'தான்', 'உம்', 'ஏ' ஆகியவை சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொண்டு, குரல் செய்ய வேண்டிய வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. இடைச்சொற்களுக்கெனத் தொல்காப்பியத்தில் 'இடையியல்' என்னும் தனி இயலே உண்டு. ஏகாரம் ஒன்றற்கு மட்டும் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்கள் அங்குக் கூறப்படுகின்றன. ஓர் எழுத்துக்கு இத்தனை பணியா என வியக்கலாம்.

இந்தி பேசும் ஊரில் வளரும் பிள்ளைக்கு இது புதிதாகவும் இராது. 'மைனே ஹீ லியா' என்றால் 'நான்தான் எடுத்தேன்'. 'மைனே பீ லியா' என்றால் 'நானும் எடுத்தேன்'. விளையாட்டுத் திடலில் 'ஹீ', 'பீ' ஆகியவற்றைத் தடுமாறாமல் கையாளும் பிள்ளை, வீட்டுத் தமிழில் மட்டும் அவற்றின் இணைகளை விட்டுவிட்டு, ஆங்கில வழக்கப்படி ஒரு சொல்லை உரக்கச் சொல்லி நிறுத்திவிடுகிறது. நேரில் பேசும்போது முகக்குறிப்பு துணை செய்யும். கடிதத்திலோ கைப்பேசிச் செய்தியிலோ உரத்த குரல் போய்ச் சேராது. இடைச்சொல் போய்ச் சேரும்.

கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூருக்குப் புறப்படும் சிறுமி, "நான் வருகிறேன்" என்று பாட்டிக்கு எழுதுகிறாள். அதனால் பாட்டிக்குத் தெரிவது கொஞ்சமே. "நானும் வருகிறேன்" என்றிருந்தால், அம்மாவுடன் இவளும் வருகிறாள் என்று கூடுதலாக ஒரு பாயை எடுத்து வைப்பார். "நான்தான் வருகிறேன்" என்றிருந்தால், இம்முறை மகன் வரவில்லை என்று சற்றே முகம் வாடுவார். "நானே வருகிறேன்" என்றிருந்தால், அழைத்துவர ஆளை அனுப்பாமல் வாசலிலேயே காத்திருப்பார்.