மேதையின் கணக்கையும் சரிபாருங்கள்

மாணவ நண்பர்களே, கணித மேதை இராமானுஜன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்ற கதைதானே? பள்ளி விழாக்களில் அதைச் சொல்லிக் கைதட்டலும் பெறுகிறோம். ஆனால் அவருடைய கணக்குகளில் ஒன்றையாவது பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கைதட்டுவதைவிடச் சரிபார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வழிகளில் பிரிக்கலாம். எனவே 4இன் பிரிவினை எண் 5 ஆகும். 200இன் பிரிவினை எண்ணோ 13 இலக்கங்கள் கொண்டது! மக்மஹோன் என்ற அறிஞர் 200 வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார்.

அவருக்கு உதவியது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட உண்மை. (1−ய)(1−ய²)(1−ய³)… என்று முடிவின்றிப் பெருக்கினால், பெரும்பாலான உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிட, 1−ய−ய²+ய⁵+ய⁷−ய¹²−ய¹⁵+… என்பதே மிஞ்சும். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஓர் எண்ணுக்கு 1, 2 குறைந்த எண்களின் பிரிவினைகளைக் கூட்டுங்கள், 5, 7 குறைந்தவற்றைக் கழியுங்கள், 12, 15 குறைந்தவற்றைக் கூட்டுங்கள், இப்படியே தொடருங்கள். 0இன் பிரிவினையை 1 என்று கொள்ளவேண்டும். 5க்கு 5+3−1=7. அவ்வளவுதான்! ஆய்லரின் பெருக்கத்தை ய என்பதன் 24ஆம் படிமூலத்தால் பெருக்கினால் வருவதே ஈட்டா சார்பு.

மக்மஹோனின் அட்டவணையை இராமானுஜன் உற்றுப் பார்த்தார். 4, 9, 14, 19 ஆகியவற்றின் பிரிவினைகள் 5, 30, 135, 490. எல்லாமே 5ஆல் வகுபடுகின்றன! இது என்றும் பொய்க்காது என்பதை ஈட்டா சார்பு பற்றிய ஒரு சமன்பாட்டால் அவர் காட்டினார். 1919இல் வெளியான கட்டுரையில் இன்னும் துணிவான ஊகம் ஒன்றையும் முன்வைத்தார்: ஓர் எண்ணை 24ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் வருவது 5, 7, 11 ஆகியவற்றின் எந்த அடுக்கால் வகுபடுகிறதோ, அதே அடுக்கால் அந்த எண்ணின் பிரிவினையும் வகுபடும். 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 24×24−1=575; இது 25ஆல் வகுபடும். 24இன் பிரிவினை 1575, அதுவும் அப்படியே.

200 வரை எங்கும் இது தவறவில்லை. பிறகு ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதில் 243ஐச் சௌலா 1934இல் கவனித்தார். 243×24−1=5831; இது 7×7×7×17. ஊகப்படி 243இன் பிரிவினையாகிய 133978259344888 மூன்று முறை 7ஆல் வகுபடவேண்டும். வகுத்துப் பாருங்கள். இரண்டு முறை வகுபடும். மூன்றாம் முறை மீதி 5! இந்தச் சோதனைக்கு உள்ளாகும் முதல் எண்ணே 243தான். 200உடன் நின்ற அட்டவணை அதை எப்படிக் காட்டியிருக்கும்?

பௌதிகச் சோதனைச்சாலையில் பத்து அளவீடுகள் ஒத்துவந்தால் விதியின்மேல் நம்பிக்கை வலுக்கிறது. கணிதத்தில் இருநூறு ஒத்துவந்தாலும் போதாது, நிரூபணம் வேண்டும்.

இப்படிச் சொல்வது மேதையைக் குறைப்பதாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ய இருக்கும் இடத்தில் ய⁵, ய⁷ என இட்டால் வரும் சார்புக்கும் பழைய சார்புக்கும் உள்ள உறவைச் சொல்பவை மாடுலர் சமன்பாடுகள். அவற்றைக் கொண்டு 1938இல் வாட்சன் 5இன் அடுக்குகளுக்கு ஊகம் சரியே என நிறுவினார்; 7க்குத் திருத்தம் கண்டார். 11க்கு அட்கின் 1967இல் நிரூபணம் தந்தார். பிழையைக் கண்டவர்கள் ஊகத்தைத் தூக்கி எறியவில்லை. சரிபார்த்ததனால்தான் அது முழுமை பெற்றது.

வெறும் வியப்பு நம்மைக் கைகட்டி நிற்கவைக்கும். கணக்கோ நம்மையும் உள்ளே அழைக்கும். 5, 12, 19 ஆகியவற்றின் பிரிவினைகள் 7, 77, 490. மூன்றும் 7ஆல் வகுபடுகின்றன. அடுத்தது 26. ஆய்லர் விதி உங்கள் கையில் இருக்கிறது. இன்று மாலையே கணக்கிட்டுப் பாருங்களேன்!